காட்டுச் சாலையில் நாய்களோடு: சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகிராய் வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வட்டாரத்தில் யாராவது நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் என் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறார்கள். முப்பது ஆண்டு தோட்டத்து லோரி ஓட்டியவன் நான். மகளைக் கிளந்தான் மாநிலத்துக் கோலகிராய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன்; மருமகன் அங்கே கிராணி (எழுத்தர்). அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மணியையும் கறுப்பனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மணி, மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் மேட்டு லயத்திலிருந்து தூக்கி வந்து வளர்த்த நாய். அதை விட்டுவிட்டு மகள் வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கு மனம் வருவதில்லை. கறுப்பனுக்கு மூன்று வயது. மணியை விட்டு ஒரு நாள்கூட இருக்காது.

போகும் வழி இது: கோலகங்சார், லெங்கோங், கிரிக், அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறி ஜெலியில் இறங்கி, டாபோங் வழியாகக் கோலகிராய். திரும்பும்போது குவா மூசாங், லோஜிங், கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய், ஈப்போ. ஒரு சுற்று முடிந்து வீடு சேரும்போது என் வேனில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஓடியிருக்கும். தனியாக ஓட்டினால் போகிற வழியை ஒரே நாளில் முடித்துவிடலாம். நாய்கள் உடன் வந்தால் இரண்டு நாள். இந்தக் கணக்குக்கு ஒப்பாதவர்கள் நாயை வீட்டிலேயே, நம்பகமான ஒருவர் பொறுப்பில் விட்டுப் போவது நல்லது.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கடுமையாக இருக்கும். அந்த மாதங்களில் கிளந்தான் பக்கம் நான் வண்டியைத் திருப்புவதில்லை. 2014 டிசம்பரில் கோலகிராய் மூழ்கியதையும், கெமுபு ரயில் பாலத்தையே ஆறு அடித்துக்கொண்டு போனதையும் பார்த்த மக்கள் அங்கே இருக்கிறார்கள். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரிந்தால் வண்டிக்குள் பல மணி நேரம் அடைந்து கிடக்க வேண்டிவரும். மனிதன் பொறுத்துக்கொள்வான், கூண்டுக்குள் இருக்கும் நாய்க்கு அது சித்திரவதை.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தடுப்பூசிகளைச் சரிபார்த்துவிடுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ (இரண்டும் நாய்களைக் கொல்லும் கிருமி நோய்கள்), லெப்டோ மூன்றுக்கும் போட்ட ஊசி நடப்பில் இருக்க வேண்டும். லெப்டோ என்பது எலிச் சிறுநீரால் பரவுவது. காட்டோரத்துத் தேங்கிய நீரில் நாய் வாய் வைத்தால் போதும், மனிதருக்கும் வரும். ரேபிஸ் ஊசியையும் விடாதீர்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் ரேபிஸ் பரவியபோது எத்தனை நாய்கள் பிடிபட்டன என்பது வடக்கே இருப்பவர்களுக்கு மறந்திருக்காது. கையோடு தடுப்பூசிப் புத்தகத்தையும், நகராண்மைக் கழகத்தில் எடுத்த நாய் உரிமத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். மாநில எல்லை தாண்டுவதால், போகும் வாரத்தில் அருகிலுள்ள கால்நடை மருத்துவத் துறை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்து, நாயை வெளிமாநிலம் கொண்டு போக அப்போது என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோய் பரவும் சமயத்தில் விதி மாறிவிடும்.

டிஸ்டெம்பர் ஊசியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் திரங்கானுவில், டுங்குன் பக்கம் கம்போங் பெசுலில் ஒரு புலி ஊருக்குள் வந்தது. மனிதரைக் கண்டு பயப்படாமல், தள்ளாடிக்கொண்டு தெருவில் நடந்தது. அவாங் பெசுல் என்று பெயர் வைத்தார்கள். பிடித்துக் கொண்டுபோய்ச் சில நாட்களில் செத்துப்போனது. சோதித்துப் பார்த்தபோது அதன் உடம்பில் இருந்தது நாய்களுக்கு வரும் அதே டிஸ்டெம்பர் கிருமி. நம் நாட்டுக் காடுகளில் இன்று 150 மலாயாப் புலிகள்கூட இல்லை. நாம் போகும் சாலையின் இரு பக்கமும் பெலும், தெமெங்கோர் காடு. புலிகளின் கடைசி வீடுகளில் அது ஒன்று. ஊசி போடாத நாய் அந்தச் சாலையோரம் தும்மிவிட்டோ மூத்திரம் பெய்துவிட்டோ வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தெரிந்தவர்களிடம் ஊசிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்த பிறகுதான் வழி சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. பரவாயில்லை.

அடுத்து வண்டி. பின்னால் திறந்த தட்டுள்ள வண்டியில் நாயைக் கட்டி ஏற்றிப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெயிலில் தகரம் கொதிக்கும். மலைவளைவில் நாய் வெளியே சரிந்தால் கழுத்துக் கயிறே தூக்குக் கயிறாகிவிடும். நான் பழைய வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பிக் கூண்டுகள் வைத்திருக்கிறேன். நாய் அதற்குள் எழுந்து நிற்க, சுற்றித் திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் வளைவில் உருண்டு அடிபடும். கூண்டை நான்கு மூலையிலும் வண்டித் தரைக் கொக்கிகளோடு கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்கள். கட்டிய பிறகு கூண்டின் மேல்பக்கத்தைப் பிடித்து உங்கள் முழுப் பலத்தோடு ஆட்டிப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். உள்ளே ரப்பர் விரிப்பு, அதன் மேல் வீட்டில் நாய் படுக்கும் அதே பழைய சாக்கு. துவைக்காதீர்கள், அந்த வாடைதான் அதற்கு வீடு.

வண்டிக்கே பழகாத நாயை நேராகக் கிரிக் சாலைக்குக் கொண்டு போகாதீர்கள். கறுப்பனை முதலில் பசார் வரை, பிறகு கோலகங்சார் வரை, பிறகு கேமரன் மலையடிவாரம் வரை என்று இரண்டு மாதம் பழக்கினேன். முதல் தடவை வளைவு ஆரம்பித்ததும் வாந்தி எடுத்தது. நான்காம் தடவை தூங்கிவிட்டது. புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு, வழக்கத்தில் பாதி அளவு சாப்பாடு போதும். எங்கள் வீட்டு வழக்கம், கெம்போங் மீனை (கானாங்கெளுத்தி) முள் நீக்கி வேகவைத்துச் சோற்றில் பிசைந்தது. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்ப்பதில்லை. வழிக்கடைகளில் யாராவது பாசத்தோடு கோழி எலும்பு போட வருவார்கள். வெந்த எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். நன்றி சொல்லிவிட்டு வாங்காமல் வந்துவிடுங்கள்.

தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்: இரண்டு நாய்க்கும் சேர்த்து நான் பதினைந்து லிட்டர் வைத்திருப்பேன். குடிக்கப் பாதி. மீதி, சூடு தாங்காமல் போனால் மேலே ஊற்ற.

நான் சுங்கை சிப்புட்டில் மாலை 3 மணிக்குப் புறப்படுவேன். வெயில் இறங்கிக்கொண்டிருக்கும். லெங்கோங்கில் ஒரு நிறுத்தம். இருட்டுவதற்குள் கிரிக். அங்கே ஒரு தோட்டத்தில் என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் இரவு. இப்படி ஒரு சொந்தமோ தெரிந்தவரோ இல்லாதவர்கள் தங்குமிடத்துக்கு முன்கூட்டியே பேசி, "நாய் உண்டு, கூண்டில்தான் இருக்கும், எங்கே வைக்கலாம்" என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். ஒளித்துக் கொண்டுபோய், நள்ளிரவில் நாய் குரைத்து, வெளியே போகச் சொல்லிவிட்டால் எங்கே போவீர்கள்?

கிரிக்கில் எண்ணெய்த் தொட்டியை முழுவதும் நிரப்புங்கள். அங்கிருந்து ஜெலி வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர், நடுவில் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. பல இடங்களில் கைப்பேசி அலை கிடைக்காது. கிரிக், கோலகிராய், குவா மூசாங் ஊர்களில் இருக்கும் கால்நடை அலுவலக எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

இந்தச் சாலை 1982 ஜூலையில் திறந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நான் மரலோரியில் கெலிண்டானாக (ஓட்டுநரின் உதவியாளாக) இந்த வழியே போயிருக்கிறேன். அப்போது மாலையானால் சாலையை மூடிவிடுவார்கள். கம்யூனிஸ்ட் ஆயுதப் போராளிகளுக்குப் பயந்து இரவில் யாரும் ஓட்ட முடியாது. 1989இல் சமாதான ஒப்பந்தம் ஆன பிறகுதான் அந்தப் பயம் போனது. இன்று இரவு முழுவதும் லோரிகள் ஓடுகின்றன. ஆனாலும் நான் அந்தப் பழைய நேரத்தையே கடைப்பிடிக்கிறேன், யானைகளுக்காக. 2025 மே 11, அன்னையர் தினம், விடியற்காலை இருட்டில் இந்தச் சாலையில் ஒரு லோரி மோதி யானைக்கன்று ஒன்று இறந்தது. வண்டிக்கு அடியில் கிடந்த கன்றை விட்டுப் போகாமல், தாய் யானை லோரியின் மேல் தலையை முட்டுக்கொடுத்து நின்றதை நாடே பார்த்தது. காலை 8 மணிக்குப் பனி விலகிய பிறகு ஏறுங்கள், மாலை 5 மணிக்கு முன் இறங்கிவிடுங்கள், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

அப்படியும் ஒரு தடவை எனக்கு நேரம் தப்பியது. மகள் வீட்டிலிருந்து அந்த முறை கிரிக் வழியாகவே திரும்பினோம். ஜெலியில் டயர் பஞ்சராகி, பழுதுபார்த்துக் கிளம்பவே நான்கு மணி ஆகிவிட்டது. தித்திவாங்சா ஓய்விடம் தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு. கறுப்பன் உறுமிய பிறகுதான் நானே பார்த்தேன்: சாலையோரப் புல்லில் ஒரு பெண் யானை, அதன் வயிற்றுக்கு அடியில் கன்று. முப்பது அடிகூட இருக்காது. யானைக்கு நாயைக் கண்டாலே ஆகாது; கன்று பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். நான் பிரேக்கை மெல்ல அழுத்தினேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் பின்னால் திரும்பி, ஈரக் கைலியை எடுத்துக் கறுப்பன் கூண்டின் மேல் முழுவதும் போர்த்தினாள். போர்த்திவிட்டுக் கம்பிக்குள் கையை விட்டு அதன் நெற்றியில் வைத்தாள். அது குரைக்கவில்லை. கூண்டுக் கம்பி அதிர்கிற அளவு நடுங்கியது.

ஹாரன் இல்லை, பெரிய விளக்கு இல்லை. எச்சரிக்கை விளக்குகளை மட்டும் பின்வரும் வண்டிகளுக்காகப் போட்டுவிட்டு, பின்னால் யாருமில்லை என்று பார்த்து, எஞ்சின் சத்தம் ஏறாமல் வளைவுக்கு மேலே வரை பின்வாங்கினேன். யானை ஒரு கற்றைப் புல்லைப் பிடுங்கி, வேர்மண் உதிர முன்காலில் தட்டித் தட்டி வாயில் வைத்தது. இன்னொரு கற்றை. மறுபடி தட்டல். இருபது நிமிடம் அந்தத் தட்டல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு கன்றை முன்னே விட்டுச் சரிவில் இறங்கிப் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு கைலி, நனைத்துப் பிழிந்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறோம். வெயிலில் அதுவே நாய்க்குக் குளிர்ச்சி. காற்று போக ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். பண்டிங் பாலத்தருகே ஏரியைப் பார்த்த வெட்டவெளியும், தித்திவாங்சா ஓய்விடமும் போதும். தித்திவாங்சா 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல். நண்பகலிலும் காற்று குளிரும். கதவைத் திறப்பதற்கு முன்பே நாய்க்கு வார் மாட்டிவிட வேண்டும். கழுத்துப் பட்டை மட்டும் போதாது, பயந்த நாய் தலையைப் பின்னுக்கு இழுத்து உருவிக்கொண்டு ஓடும். மார்பையும் தோளையும் சுற்றிய வார் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டையும் ஒரே கயிற்றில் இணைத்து, கயிற்றின் மறுமுனையை உங்கள் மணிக்கட்டில் போடுங்கள். "எங்கள் நாய் கூப்பிட்டால் வந்துவிடும் மாமா" என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னான். வரும்தான். யானையையோ கரடியையோ குரைத்துக் கிளப்பிவிட்டு, அதையும் பின்னால் இழுத்துக்கொண்டு உங்களிடமே வரும். ராயல் பெலும் வனப் பூங்காவுக்குள் நாயோடு போகும் எண்ணமே வேண்டாம்.

தார்ச்சாலையில் இறக்குமுன் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். வண்டியை நிறுத்திவிட்டு நாயை உள்ளே அடைத்துச் சாப்பிடப் போகாதீர்கள், நிழலில் நின்றாலும் கூடாது. நாங்கள் ஒருவர் சாப்பிட, ஒருவர் நாயோடு நிற்போம். மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் பசையாகக் கெட்டியாகி, ஈறு செங்கல் நிறமாகி, நாய் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழல். பச்சைத் தண்ணீரைத் தொடையிடுக்கு, வயிறு, பாதம், பிறகு உடம்பு முழுவதும் ஊற்றி அட்டையால் விசிறுங்கள். ஐஸ்கட்டி வேண்டாம். வாயில் திணித்துத் தண்ணீர் புகட்டாதீர்கள், அதுவாக நக்கட்டும். கொஞ்சம் தெளிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஜெலியில் இறங்கியதும் நீங்கள் கிளந்தானில் இருக்கிறீர்கள். அங்கே ஏறக்குறைய எல்லாரும் மலாய் முஸ்லிம்கள். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். அவர்களுக்கு அந்தச் சங்கடத்தைக் கொடுப்பது நமக்கு அழகில்லை. சாப்பாட்டுக் கடையிலிருந்தும் சூராவிலிருந்தும் (சிறு தொழுகைக் கூடம்) தள்ளி, கடைசி மரத்தடியில் வண்டியை நிறுத்துங்கள். பொதுக் குழாயில் நாயைக் குளிப்பாட்டாதீர்கள், கடைத் தட்டு எதையும் அதன் முன் வைக்காதீர்கள், எச்சத்தைப் பையில் அள்ளுங்கள். இவ்வளவு செய்தால் மரியாதை திரும்பி வரும். ஜெலியில் ஒரு கடைக்காரப் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்), நான் ஒதுக்குப்புறமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, பழைய ஐஸ்கிரீம் டப்பா நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பத்தடி தூரத்தில் வைத்தார். "தாகத்தில் இருக்கிற நாய்க்குக் கொடுத்தால் பஹாலா (புண்ணியம்). டப்பாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இன்றும் அந்த டப்பாவில்தான் மணி குடிக்கிறது.

வெயில் தணியும் வரை ஜெலியில் மூன்று மணி நேரம் இளைப்பாறிவிட்டு டாபோங் சாலையைப் பிடித்தால் மாலைக்குள் கோலகிராய். இந்தப் பகுதியில் ஓடைகள் அழகாக இருக்கும். நாய் இழுத்துக்கொண்டு ஓடும். குடிக்க விடாதீர்கள். ஸ்தோங் மலையடிவாரத்தில் ஒரு தடவை கறுப்பனை விட்டுவிட்டேன். வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்து, ஓயாத தும்மல். இடது மூக்குத் துளையில் மட்டும் இரத்தம். மருத்துவர் மருந்து எதுவும் எடுக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்றார். ஐந்து நிமிடம். மூக்குத் துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்று நீண்டு, தண்ணீரைத் தொட்டுவிட்டுச் சட்டென்று உள்ளே போனது. மறுபடி நீண்டபோது இடுக்கியால் கவ்விவிட்டார். அட்டை. வெளியே எடுத்தபோது என் சுண்டுவிரல் நீளம். ஓடைநீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக உள்ளே போய், கறுப்பனின் இரத்தத்தில் இரண்டு வாரம் வளர்ந்திருக்கிறது. தோலில் ஒட்டும் காட்டு அட்டையை நகத்தால் சரித்துத் தள்ளிவிடலாம். மூக்குக்குள் போனதை வீட்டில் நோண்டாதீர்கள்.

திரும்பும் வழியில் சொல்ல அதிகமில்லை. குவா மூசாங்கில் எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். லோஜிங் ஏற்றத்தில் காய்கறி லோரிகள் வேகமாக இறங்கும், ஒதுங்கி வழி விடுங்கள். தெமியார் என்ற பூர்வகுடி மக்களின் குடியிருப்புகளில் நாய்கள் அவிழ்த்தபடி திரியும். அவை அவர்களுடைய வேட்டைத் துணைகள். அங்கே நம் நாயை இறக்கிச் சண்டைக்கும் நோய்க்கும் வழி செய்யாதீர்கள். கம்போங் ராஜாவில் குளிரும் என்பதால் கைலியை எடுத்துவிட்டுச் சாக்கைப் போர்த்துங்கள்.

வீடு சேர்ந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், உண்ணி பாருங்கள். காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு, வாலடி. ஒட்டியிருந்தால் இடுக்கியைத் தோலை ஒட்டி வைத்து, நசுக்காமல் நேராக இழுங்கள். நெருப்பு வைப்பதும் மண்ணெண்ணெய் தடவுவதும் நம் தோட்டத்துப் பழக்கம்; அதை விட்டுவிட வேண்டும். உண்ணி அப்போதுதான் தன் வயிற்றில் இருப்பதை நாயின் இரத்தத்துக்குள் கக்கும். அடுத்த மூன்று வாரம் தினமும் காலையில் மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால், அல்லது நாய் சாப்பாட்டைத் தொடாமல் படுத்திருந்தால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே இரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், எங்கே போய்வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மணிக்கு இது பழகிவிட்டது. காலையில் நான் வாசல் படியில் உட்கார்ந்ததும் அதுவே வந்து என் முழங்கால் மேல் தாடையை வைத்துக் காத்திருக்கிறது.